வழியோரத்துக் கல்லும் நாமும்

சனிக்கிழமை பொழுது விடியுமுன்னரே நம் விடுதி வாசலில் மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. ஒரு வாரம் நந்தி மலை. மறு வாரம் சாவனதுர்கம். மூன்றாம் வாரம் ஸ்கந்தகிரி. நான்கு நாள் விடுமுறை சேர்ந்து வந்துவிட்டாலோ கன்னியாகுமரி வரையில் ஒரே ஓட்டம். சென்றவர் திரும்பியதும் உணவுக்கூடத்தில் அவரிடம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டே இரண்டு. "எத்தனை மணி நேரத்தில் போனாய்?" என்பது ஒன்று. "உச்சியில் படம் எடுத்தாயா?" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை சொல்லிவிட்டால் பயணக்கதை முடிந்தது.

மலையேறுவதைக் குறை கூற வந்தேன் என்று யாரும் எண்ண வேண்டா. இளமையில் ஏறாதவன் வேறு எப்போது ஏறப் போகிறான்? நானும் ஏறியவன்தான். சாவனதுர்கத்தின் வழுக்குப் பாறையில் உட்கார்ந்தபடியே இறங்கிக் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டவன்தான். 1,226 மீட்டர் உயரத்தில் நின்று நாற்புறமும் பார்க்கும்போது நெஞ்சு விரிகிறது. அதை மறுக்க முடியுமா? ஆனால், உச்சி ஒன்றே பயணம், மற்றதெல்லாம் அதற்குக் கொடுக்கும் வாடகை என்று கருதும் மனப்பான்மை நம்மிடையே வளர்ந்து வருகிறதே, அதனோடுதான் எனக்கு வழக்கு.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் அத்தீயினால் மாண்டனர். இளைஞர் பலர். மாண்டவர்மீது குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்கள் இடத்தில் நாமும் இருந்திருக்கலாம். எனினும் அந்த நாள் நமக்கு ஒன்றைச் சொல்லிச் சென்றிருக்கிறது. காய்ந்த புல்லையும் காற்றின் திசையையும் பார்க்கத் தெரிய வேண்டும். அங்கேயே வாழ்கிறவன் சொல்வதைக் கேட்கத் தெரிய வேண்டும். நின்று பார்ப்பது, பார்த்துக் கேட்பது ஆகிய இரண்டும் அழகுக்காக மட்டும் வேண்டுவன அல்ல, உயிருக்கும் வேண்டுவன. அப்பழக்கத்தை மலையுச்சியில் போய்த் தொடங்க முடியாது. சாலையோரத்திலேயே தொடங்க வேண்டும்.

நம்மிற் பலர் ஊருக்குப் போவது இரவு பஸ்ஸில். சில்க் போர்டில் ஏறிப் போர்வையை இழுத்து மூடினால், கண் விழிக்கும்போது சேலமோ மதுரையோ வந்திருக்கும். இடையில் கிடந்த நாடு முழுவதும் நமக்கு ஒரு தூக்கம்! அந்த 44ஆம் எண் நெடுஞ்சாலையில் பகலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சேலத்தின் அருகே, மண்ணுக்குப் பதிலாக யாரோ சுண்ணாம்பைக் கொட்டி வைத்தாற்போல நிலம் வெளுத்துக் கிடக்கும். அது வெள்ளைக்கல் சுரங்கம். நாமக்கல்லில் ஊர் நடுவே ஒரே பாறை எழுந்து நிற்கும். தலையில் கோட்டை, இடுப்பில் குடைவரைக் கோயில்கள். மதுரையை நெருங்கினால் ஆனை ஒன்று துதிக்கையை நீட்டிப் படுத்தாற்போல ஆனைமலை. அதன் அடியிலுள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரை 770ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்னும் தெற்கே சென்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் காடாக நின்று சுழலும். இவற்றுள் ஒன்றைக் காண்பதற்கும் மலையேறும் செருப்பு வேண்டியதில்லை. வண்டியை நிறுத்த மனம் இருந்தால் போதும்.

கிழக்கே செல்லும் சாலையில் கோலார் தங்கவயல் இருக்கிறது. 2018இல் வந்த சினிமாவுக்குப் பிறகு அங்கே போகாத வாலிபன் இல்லை. தட்டையான தலையுடைய மஞ்சள் வெண்மைக் குன்றுகளின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அவை இயற்கைக் குன்றுகள் அல்ல. பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய கல்மாவு, சயனைடு கலந்து கொட்டப்பட்டு மலையாய் எழுந்தது. வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து சென்ற ஏழைத் தமிழர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வெட்டிய கல் அது. 1902இல் காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் அந்தச் சுரங்கத்துக்குத்தான் முதலில் போயிற்று. 1965இல் அந்த ஆழத்தில் கருவிகளை வைத்துத்தான் காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. நம் மக்களின் வியர்வையும் உலக விஞ்ஞானத்தின் ஒரு பக்கமும் ஒரே குழிக்குள் இருக்கின்றன. நாமோ சினிமாக் கதாநாயகன் நின்ற இடம் எது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்!

பிறரைச் சொல்வதை இத்துடன் நிறுத்திக்கொண்டு என் கதைக்கு வருகிறேன்.

நான் படிப்பது நிலவியல். கல்லை அறுத்து, 0.03 மில்லிமீட்டர் கனமுள்ள சீவலாகத் தேய்த்து, நுண்நோக்கியின் கீழ் வைத்து அதன் பிறப்பு வளர்ப்பை ஆராய்வது எங்கள் அன்றாடத் தொழில். லால்பாகின் உள்ளே கெம்பெகௌடரின் காவற்கோபுரம் நிற்கும் பாறை சுமார் 300 கோடி ஆண்டு மூத்தது என்று சொல்வேன். ராமநகரத்துக் குன்றுகளைக் கண்டால் எல்லாரும் 'ஷோலே' படத்தை நினைப்பர். நான் 250 கோடி ஆண்டுக்கு முன் உருகி உறைந்த கிரானைட்டை நினைப்பேன். கல்லைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு செருக்குக்கூட இருந்தது.

அச்செருக்கு ஒரு பஞ்சரில் போயிற்று. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறைத்தோழரும் நானும் ஓசூர்ச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பொம்மனஹள்ளி அருகே பின்சக்கரம் பஞ்சர் ஆகிவிட்டது. கடைக்காரர் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். என் தோழர் ஹாசன் பக்கத்துக் கன்னடர். "சும்மா நிற்பானேன்? பக்கத்தில் பேகூர் இருக்கிறது, உங்கள் பெங்களூரின் பிறப்புச் சான்றிதழைக் காட்டுகிறேன், வாருங்கள்" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

பேகூர் நாகேஸ்வரர் கோயில் வளாகத்தில் ஒரு கல். அதன் எழுத்து பழங்கன்னடம்; அவராலும் படிக்க முடியவில்லை. ஆனால் அதன் செய்தியை அவர் அறிந்திருந்தார். ஏறத்தாழ 890ஆம் ஆண்டில், பெங்களூரில் நடந்த ஒரு போரில் மாண்ட வீரனைப் பற்றிப் பேசுவது அக்கல். பசித்து வந்த அரசனுக்குக் கிழவி ஒருத்தி வெந்த பயறு கொடுத்ததால் இந்நகருக்கு இப்பெயர் வந்தது என்ற கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அக்கதையில் வரும் ஹொய்சள வல்லாளனுக்கு முன்னரே, 1537இல் கோட்டை கட்டிய கெம்பெகௌடருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, பெங்களூர் என்ற பெயர் அக்கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஐந்து ஆண்டுகளாக இந்நகரில் வாழ்ந்தும் நான் அதைக் கண்டதில்லை. காண வைத்தது ஓர் ஆணி!

"இதை நாங்கள் வீரகல்லு என்போம், நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று தோழர் கேட்டார். "நடுகல்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே நெஞ்சில் ஏதோ தைத்தது.

என் ஊர் ஊத்தங்கரைக்கு அருகே ஒரு சிற்றூர். ஊர் எல்லையில் சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு கல் நின்றது. கையில் வில், இடுப்பில் கத்தி, காலடியில் மாடுகள். எங்கள் பக்கத்தில் இத்தகைய கற்களை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். என் ஆயா அதற்குத் தண்ணீர் ஊற்றி விளக்கு வைக்கும்போது நானும் உடன் நிற்பேன். வில்லுக்கு மேலே மூன்று வரிசையாகச் சில கோடுகள் இருக்கும். அவற்றின் பள்ளத்தில் விரலை விட்டு இழுத்து விளையாடுவேன். அவை எழுத்தா, வெறும் கீறலா என்று நான் கேட்டதில்லை. கல்லூரிக்குப் போன பிறகு அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போனேன், தலையைத் திருப்பியதில்லை.

பேகூரிலிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஏம்மா, புளியமரத்தடி வேடியப்பன் கல்லு நல்லாயிருக்குதா?"

"அதையேன்டா இப்பக் கேட்கிற? ரோட்டை அகலம் பண்ணினப்ப மரத்தை வெட்டினாங்க இல்ல, அப்பவே பொக்லைன்காரன் புரட்டிப் போட்டான். மேலே மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க. உங்க ஆயா உசிரோட இருந்திருந்தா விட்டிருப்பாளா?"

சாலை அகலமானது எனக்குத் தெரியும். பஸ் அரைமணி முன்னதாக ஊர் சேர்கிறது என்று மகிழ்ந்தவன் நான்தான். அந்த அரைமணியின் விலை என்ன என்று அன்று தெரிந்தது. சாலை போட்டவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு அது ஒரு கல். அது வெறும் கல் அன்று என்று சொல்ல வேண்டியவன் கல்லைப் பற்றிப் பட்டம் வாங்கப் போயிருந்தான்.

நடுகல் என்பது சிறிய பொருளா? கல்லைத் தேர்வதிலிருந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை அதற்குரிய முறைகளைத் தொல்காப்பியமே வகுத்துச் சொல்கிறது. கோயிலில் அரசர் பெயரும் கொடையும் இருக்கும். நடுகல்லிலோ தன் ஊர் மாட்டை மீட்கப் போய்த் திரும்பி வராத எளியவனின் பெயர் இருக்கும். அவனுக்கு வேறு வரலாறு இல்லை. அந்த ஒரு கல்தான் வரலாறு. ஆளுக்கு மட்டுமா? எங்கள் ஊத்தங்கரையைத் தாண்டித் திருவண்ணாமலைச் சாலையில் போனால் செங்கம் வரும். செங்கத்தைச் சுற்றி நடுகற்கள் மலிந்து கிடக்கின்றன. அப்பகுதியில் எடுத்தனூர் என்றோர் ஊர். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் அங்கே கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாண்டான். அவன் வளர்த்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். அது கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்றது என்று அவன் கல்லிலேயே எழுதி, நாயின் உருவத்தையும் செதுக்கி வைத்தார்கள்.

இந்தப் பக்கத்துக்கு ஒரு நாய் என்றால் அந்தப் பக்கத்துக்கும் ஒரு நாய் உண்டு. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கல், தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட 949ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. அப்போரில் வீரம் காட்டிய மணலேரன், அரசனிடம் பொன்னைக் கேளாமல் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் ஒருசேர மாண்டன. நாய்க்குக் கல் நட்டார்கள். அக்கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. போரிட்டவர்கள் இரு பக்கத்தார். நன்றி மறவாமல் நாய்க்குக் கல்லெடுத்தவர்களும் இரு பக்கத்தார்தாம். எல்லையைக் கடக்கும்போதெல்லாம் இதை நான் நினைத்துக்கொள்கிறேன்.

"கல்லைத் தேடுவது தொல்லியல் துறையின் வேலை, மாணவருக்கு அதில் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், மிகப் பழமையான தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் வெளிப்பட்டன. கூடலூரில் நடந்த ஆகோளில் பட்ட ஒருவனை அவற்றுள் ஒன்று சொல்கிறது. சங்க நூல்கள் பாடிய நடுகல் வெறும் கற்பனையன்று என்பதற்கு அவை கண்முன் சான்றாயின. அவற்றை வெளிக்கொணர்ந்தது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் குழு; அதில் ஆராய்ச்சி மாணவர்களும் இருந்தார்கள். நம்மைப் போன்ற மாணவர்கள்! இந்நகரிலேயே 2018இல் ஹெப்பாளில் மண் தோண்டியபோது ஒரு நடுகல் வெளிவந்தது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில், ஏறத்தாழ 750இல் மாண்ட கிட்டய்யன் என்பவனுடைய கல் அது; பேகூர்க் கல்லினும் மூத்தது. அதன் அருமையை எடுத்துச் சொல்லிக் காத்தவர்கள் இந்நகரத்து ஆர்வலர்கள். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் அல்லர்.

"பழங்கல்லைக் கட்டிக்கொண்டு அழுதால் சாலையும் தொழிலும் வர வேண்டாமா?" என்று கேட்பாரும் உளர். வரட்டும். என் ஊருக்கும் சாலை வேண்டும். சாலைக்காகப் பத்தடி தள்ளி நடக்கூடிய கல்தான் அது. தள்ளி நடுங்கள் என்று சொல்ல ஆள் இல்லாததால் அல்லவா புதைந்தது? அரிட்டாபட்டியைப் பாருங்கள். சமணக் குகையும் குடைவரையும் சுனைகளும் உள்ள அவ்வூர் 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அப்பகுதி சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் ஊர்மக்கள் எழுந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. தங்கள் பாறையில் என்ன இருக்கிறது என்று அவ்வூரார் ஒவ்வொருவரும் அறிந்திருந்தார்கள். அறிந்தவன் கல்லைப் பாதுகாக்கிறான். அறியாதவன் கல்லை இழந்தது கூடத் தெரியாமல் பஸ்ஸில் தூங்குகிறான்.

ஆகவே நம் மன்றத்தின்முன் சிலவற்றை வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, பருவத்துக்கு ஒருமுறையேனும் பகற்பயணம் ஒன்று போவோம். கிருஷ்ணகிரி 90 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் போகும் வழியில் மூன்று இடத்தில் நின்று பார்த்துவிட்டு இரவு உணவுக்கு விடுதி திரும்பலாம். மல்லசந்திரத்துக் கல்திட்டைகளைப் பாருங்கள். பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒன்றை மூடி, நம் முன்னோர் இறந்தவர்க்கு எழுப்பியவை அவை. எத்தனை மணி நேரத்தில் போனோம் என்பதை யாரும் கணக்கிடக் கூடாது. எத்தனை இடத்தில் நின்றோம் என்பதே கணக்கு.

இரண்டாவது, கையில் குறிப்பேடு இருக்கட்டும். ஊர், இடம், கல்லின் அளவு, உருவம், ஊரார் அதற்குச் சொல்லும் பெயர், கும்பிடுவோர் யார் என்பவற்றை எழுதுங்கள். கல்லுக்கு நேரே நின்று படம் எடுத்தால் தேய்ந்த எழுத்து தெரியாது. காலை மாலைச் சாய்வெயிலில் எடுங்கள், அல்லது பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து எடுங்கள். சாக்கட்டி பூசுவது, எண்ணெய் தேய்ப்பது, சுரண்டுவது, தோண்டுவது எதுவும் ஆகாது. எழுத்தைக் கண்டால் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அதற்கு முன் அவ்வூர்ப் பெரியவரிடம் சொல்லுங்கள். கல் அவருடையது.

மூன்றாவது, கன்னட நண்பர்களை உடன் அழைப்போம். தோம்லூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கோலாரம்மன் கோயிலிலும் சோழர் காலத் தமிழ் இருக்கிறது. அவற்றைக் கண்டதும் 'பார்த்தாயா, இது எங்கள் ஊர்' என்று மார்தட்டுவோமானால் கல்லை அவமதித்தவர்கள் ஆவோம். கல்வெட்டு நிலப்பத்திரம் அன்று. தமிழ்க் கல்லை நாம் படித்துச் சொல்வோம். கன்னடக் கல்லை அவர்கள் படித்துச் சொல்லட்டும். எனக்கு என் ஊர்க் கல்லை நினைவூட்டியவர் ஒரு கன்னடர் என்பதை நான் மறக்க மாட்டேன்.

நான்காவது இன்றைக்கே செய்யக்கூடியது. உங்கள் ஊர் எல்லையில், ஏரிக்கரையில், மரத்தடியில் ஒரு கல் நிற்கக்கூடும். அதற்கு என்ன பெயர், இன்னும் நிற்கிறதா என்று வீட்டுக்குப் போன் செய்து கேளுங்கள். உங்கள் ஆயாவோ அப்பத்தாவோ பாட்டியோ உயிரோடு இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். எனக்கு அந்தப் பேறு இல்லை.

வருகிற விடுமுறையில் ஊருக்குப் போகிறேன். மண்மேட்டைத் தோண்ட எனக்கு உரிமை இல்லை. அதற்கான மனுவை எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அக்கல்லின்முன் நின்ற கிழவர்கள் நாலைந்து பேர் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வில்லுக்கு மேலே இருந்த அந்த மூன்று வரிசையை யாரேனும் நினைவு வைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். பகலில்தான் போகிறேன், ஓசூரிலும் சூளகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் நின்றுதான் போகிறேன். பின்னால் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. வர விரும்புவோர் சொல்லலாம். பஞ்சர் ஒட்டியாகிவிட்டது.